மெயிலுக்குள் குடிவந்த அம்மன்

போன வெள்ளிக்கிழமை காலை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் போன் அடித்தது. குழந்தைவேல் அண்ணன்.

என் பெரியப்பா மகன். பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். முன்பு துண்டும் லுங்கியும் ஓடின. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தட்டு துடைக்கிற கிச்சன் டவல் ஓடுகிறது. நாம் பழைய பனியனில் துடைப்பதை அவர்கள் பார்டர் வைத்த துணியில் துடைக்கிறார்கள். துடைக்கட்டும், நமக்கென்ன?

"அம்மணி, சோலியா இருக்கறயா?"

"தோசை சுட்டுட்டு இருக்கறனுங்கண்ணா."

"அத அப்பறம் சுட்டுக்கலாம். நீ கம்ப்யூட்டர்லதான எழுதற?"

"ஆமாங்கண்ணா."

"அப்பக் கெளம்பி வா. இங்க மெயிலு படுத்துருச்சு."

எப்படி லாஜிக்? கம்ப்யூட்டரில் எழுதுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியுமாம். இந்தக் கணக்கில் பஸ்ஸில் தினமும் போகிறவர் கியர் பாக்ஸைக் கழற்றி மாட்ட வேண்டும். உங்களுக்குத்தான் தெரியுமே — நான் இந்தப் பத்தியையே இரண்டு விரலால் குத்திக் குத்தி அனுப்புகிறவள். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? குடும்பத்தில் நமக்கென்று ஒரு பேர் இருக்கிறதே… அதைக் காப்பாற்ற வேண்டாமா?

"எப்படிங்கண்ணா படுத்துச்சு?" என்று டாக்டர் குரலில் கேட்டேன்.

"தொறந்தா தொறக்குது. சித்த நேரம் முழிக்குது. அப்பறம் வெள்ளையாயிருது. அப்பறம் ஆளே காணாமப் போயிருது. மறுக்கா தொறந்தா மறுக்கா அதே கூத்து. சேலத்துல இருந்து ஆளக் கூட்டியாந்து பார்மட் அடிச்சாச்சு. நாலு நாளு நல்லா இருந்துச்சு, மறுபடியும் படுத்துக்கிச்சு."

"சரி, வாரனுங்கண்ணா."

"வா. இன்னொண்ணு… இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள இது சரியாகலீன்னா, அந்த சுகன்யாப் புள்ளயத் திங்கக்கெழமையிலிருந்து மறுபடி மடிப்புக்கே அனுப்பிரலாம்னு இருக்கறேன். அது வந்து உக்காந்ததுல இருந்துதான் இத்தன அழும்பு. ராசி சேரல."

எனக்குச் சுருக்கென்றது. தோசையும் கருகிவிட்டது.

சுகன்யா யார் என்று சொல்லிவிடுகிறேன். வெப்படையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற பெண். முதலில் அண்ணன் பட்டறையில் மடிப்புப் பிரிவில் இருந்தாள். அதாவது, நின்றபடியே நாள் முழுக்க டவலை மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. தபாலில் பி.காம் முடித்து, இங்கிலீஷில் மெயில் எழுதப் பழகி, மாடி ஆபீஸில் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். 'எம்புள்ள ஏசி ரூம்புல உக்காந்து வெளிநாட்டுக்கு லெட்டர் போடுது' என்று அவள் அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இனி அவளைக் கீழே அனுப்பினால் அந்த மனுஷன் டீக்கடைக்கு எப்படிப் போவார்?

திருச்செங்கோட்டிலிருந்து ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கீழே தறிகள் ஓடுகிற சத்தம். மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். கதவைச் சாத்தினாலும் பாதிச் சத்தம் உள்ளே வரும். அதனால் அங்கே எல்லோரும் சாதாரண விஷயத்தையும் சண்டைக்குப் போகிற மாதிரிதான் பேசுவார்கள்.

உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. மானிட்டர் கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மேஜை குறுக்காகக் கிடந்தது.

"மேசை ஏனுங்கண்ணா இப்படி ரோட்ட மறிச்சுக்கிட்டு நிக்குது?"

"வாஸ்துக்காரர் வந்து பாத்தாரு. மெயிலு தெக்க பாத்துப் போவுதுன்னாரு. கெழக்கால திருப்பியாச்சு."

மெயில் தெற்கே போகிறதாம்! ஹாலந்துக்குப் போகிற மெயில் மேற்கால்தானே போகணும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்து மேஜையை மேற்கே திருப்பிவிட்டால்?

சுகன்யா எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "வாங்க்கா" என்றாள். 

அண்ணியும் அங்கேயே இருந்தார்கள். ஆட்டையாம்பட்டியில் பிறந்தவர்கள். வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு, அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு. அந்த நாற்காலி காலியானால் அதில் வந்து உட்காரப் போவது யாரென்று நினைக்கிறீர்கள்? அண்ணியின் தம்பி மகன் கிஷோர். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அம்மணி வந்துட்டா. இனி மெயிலு தன்னால நல்லாயிரும்" என்றார்கள் அண்ணி. அது வரவேற்பா, கிண்டலா? அண்ணியிடம் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

என் வைத்தியத்தை ஆரம்பித்தேன். ஆஃப் பண்ணினேன். ஆன் பண்ணினேன்.

கும்பலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மெயில் திறந்தது. பட்டியலில் மேலே இருந்ததை அழுத்தினேன். முழித்தது. வெள்ளையானது. போய்விட்டது.

"இதத்தான நாங்களும் காலையிலிருந்து பண்ணிட்டு இருக்கறோம்" என்றார் அண்ணன். என் பேர் அந்த நிமிஷம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"சுகன்யா, நீ எப்பவும் பண்றாப்பல பண்ணு. நான் பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். தெரியாத விஷயத்தில் தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நம்மைக் கேள்வி கேட்பதற்கு முன் நாம் கேட்டுவிட வேண்டும்.

அவள் திறந்தாள். கூரியர்காரன் மெயிலை அழுத்தினாள். திறந்தது. நூல் கம்பெனி மெயில், திறந்தது. லோன் வேண்டுமா என்று கெஞ்சுகிற மெயில், அதுவும் ஜம்மென்று திறந்தது. பீட்டர் மெயிலை அழுத்தினாள்… வெள்ளை. காணோம்.

பீட்டர்தான் ஹாலந்துக்காரர். டவல் வாங்குகிறவர்.

மறுபடி திறந்து பார்த்தோம். மற்றதெல்லாம் சமர்த்து. பீட்டரைத் தொட்டால் மட்டும் மயக்கம்.

"அப்ப அந்த பீட்டருக்குப் புதுசா ஒரு மெயில் எழுதி அனுப்பிரலாமே, இந்த மெயில ஏன் தொடறே?" என்றேன் சுகன்யாவிடம்.

 சுகன்யா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார்.

"அது ராசியான மெயிலு அம்மணி" என்றார் அண்ணன்.

"எது?"

"பீட்டருக்கு நாம போட்ட மொத மெயிலு. நல்ல நேரம் பாத்து, கற்பூரம் காட்டிப் போட்டது. அதுக்குத்தான் மொத ஆர்டர் வந்துச்சு. அதுல இருந்து என்ன சேதின்னாலும் அதே மெயிலுக்கு மேலதான் பதில் போடறது. புது மெயிலே போட்டதில்ல. போனுல கூட அனுப்பப் பாத்தோம், போனுல அந்த மெயிலு தொறக்கவே மாட்டேங்குது."

நான் வாயைப் பிளந்தேன். வருஷக்கணக்காக ஒரே மெயில்! சாம்பிள் கேட்டது, கலர் மாற்றியது, கப்பல் லேட்டானது, கிறிஸ்துமஸ் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து… எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. பீட்டர் நல்லவர். அவரும் 'ரிப்ளை'யை அமுக்கி அதிலேயே பதில் போட்டிருக்கிறார்.

சரி, இருக்கட்டும். எழுத்து எவ்வளவு சேர்ந்தாலும் பெரிய பாரமில்லை. எத்தனை வருஷக் கதை பேசினாலும் இந்தப் பெட்டி தாங்கும். இது ஏன் மயங்கி விழுகிறது?

மெயில் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சைஸ் போட்டிருக்கும். நான் அதுவரை அதைப் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு வேறு எதுவும் புரியாததால் பார்த்தேன். கூரியர் மெயில் இத்துனூண்டு. லோன் மெயில் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. பீட்டர் மெயில்… ஒரு முழு சினிமா சைஸ்!

"இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?"

சுகன்யா இன்னொரு தரம் திறந்தாள். வெள்ளையாவதற்கு முன்னால் சில நொடிகள் கிடைக்கும் இல்லையா? அதற்குள் கீழே உருட்டினாள். திரை முழுக்க மஞ்சளாக ஏதோ பளபளத்தது. அப்புறம் பச்சை. அப்புறம் வட்டமாகப் பெரிதாக ஒன்று, நடுவில் சிவப்புக் கல். அதோடு மெயில் போய்விட்டது.

"என்னது அது?"

"மூக்குத்திங்க்கா" என்றாள் சுகன்யா.

"யாரு மூக்குத்தி?"

"அம்மனோடதுங்க்கா."

கதை இதுதான். எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன். (கல்யாணமானதும் எனக்கு வேறு குலதெய்வம் அலாட்மென்ட் ஆகிவிட்டது. ஆனாலும் பிறந்த வீட்டு அம்மனை விட்டுக்கொடுக்க முடியுமா?) கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது ஃபிளெக்ஸ் பேனர் வைப்பதற்காக ஒரு போட்டோகிராபர் அம்மனைப் படம் எடுத்தார். கண் ஒன்றே ஆள் உயரத்துக்கு வருகிற மாதிரி, நாலு ரோடு சந்திப்பில் வைத்த பேனர். அண்ணன் அந்தப் படத்தை அப்படியே வாங்கி, ஆபீஸிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தானாக வந்து நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் அம்மன்!

பேனர் சைஸ் அம்மன். ஒரு பதிலுக்கு ஒரு அம்மன். பீட்டர் பதில் போட்டால் நம் அம்மன் அங்கே போய்த் திரும்பி வருகிறாள். அதற்கு நாம் பதில் போட்டால் இன்னொரு அம்மன். ஒரே மெயிலுக்குள் அத்தனை அம்மனும் உட்கார்ந்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும்? அதுவும் ஒரு ஜீவன்தானே!

"இந்தப் படத்த எப்போ இருந்து போடறீங்க?"

"நான் இந்த சீட்டுக்கு வந்த அதே வாரங்க்கா. கும்பாபிஷேகம் முடிஞ்ச ஒடனே" என்றாள் சுகன்யா. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

பார்த்தீர்களா? ஒரே வாரத்தில் ஆபீஸுக்கு இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். ஒன்று சுகன்யா, இன்னொன்று அம்மன். மெயில் படுத்ததும் பழி யார்மேல் விழுந்தது? வீட்டுக்கு மருமகள் வந்த மாதம் மாடு செத்தால் மருமகளைத்தான் சொல்வார்கள். அதே மாதம் மாற்றிய மாட்டுத் தீவனத்தை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். திருப்பிப் பேசாத ஆள் பக்கத்தில் இருந்தால் காரணம் தேடுகிற வேலை மிச்சம்.

விஷயத்தை அண்ணனிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சுகன்யா இல்லை என்றால் அம்மன் என்று ஆகிறதே! ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற நான் குலதெய்வத்தின் மேல் புகார் கொடுக்க வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை.

மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணா, சுகன்யா மேல ஒரு தப்பும் இல்லீங்க. அந்தப் படம் இருக்குதுல்லங்க…"

"எந்தப் படம்?"

"அடியில வருதே…"

அண்ணன் முகம் மாறியது. "அம்மனாலதான் மெயிலு கெடுதுங்கறயா?"

"அம்மனால இல்லீங்கண்ணா. அந்தப் படத்தோட பாரத்தால. அத எடுத்துட்டு, புது மெயில் போட்டா ஓடிரும்."

"பாரம்ங்கற… எடுக்கோணும்ங்கற…" அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "அம்மணி, உள்ள வந்த சாமிய வெளிய போன்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆளில்ல. அந்த ராசியான மெயிலக் கூட உட்டர்லாம். புது வருசத்துக்குப் புது நோட்டுப் போடறாப்பல புது மெயிலு போட்டுக்கலாம், ராகு காலம் போவட்டும். ஆனா அம்மன எடுக்கறதுன்னா… என்னால ஆகாது."

அண்ணி தொண்டையைக் கனைத்தார்கள். "வேணும்னா கிஷோர ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லட்டுங்களா? அவன் கைராசி எப்பிடின்னு…"

சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்கு நல்ல யோசனைகள் வராது. கெட்ட யோசனைகள்தான் வரும். வந்தது.

"அண்ணா, நாம எதுக்கு முடிவு பண்ணோணும்? படத்த எடுக்கலாமான்னு அம்மனையே கேட்டர்லாம். பூ கேப்பமா?"

பூ கேட்பது தெரியுமல்லவா? எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு வெட்டுவது, லாரி வாங்குவது எல்லாவற்றுக்கும் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நாயமான பேச்சு."

"ராகு காலமாச்சேங்க" என்றார்கள் அண்ணி.

"அம்மனுக்கு ராகு காலம் என்ன பண்ணும்? மெயிலுக்குத்தான் பண்ணும்" என்றார் அண்ணன். எவ்வளவு தெளிவான மனிதர் பாருங்கள்!

பட்டறை வாசலில் அரளிச் செடி இரண்டு நிறத்திலும் இருக்கிறது. "நான் போயிப் பறிச்சாறனுங்க" என்று முந்திக்கொண்டு ஓடினேன். பறித்தேன். பழைய செய்தித்தாளைக் கிழித்து மடித்தேன். இரண்டு பொட்டலம். இரண்டிலும்… வெள்ளை.

முகம் சுளிக்காதீர்கள். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? திங்கட்கிழமை ஒரு பெண் படியிறங்கிப் போய் மறுபடி டவல் மடிக்க வேண்டும். அம்மனுக்கு அதில் சம்மதம் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அம்மனின் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கினேன், அவ்வளவுதான்.

பொட்டலங்களைத் தட்டில் வைத்தேன். அண்ணி தட்டை வாங்கி, "தண்ணி தெளிச்சுட்டு வாரேன்" என்று குழாயடிக்குப் போய் வந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். மனப்பூர்வமாகக் கும்பிட்டேன். முடிவு தெரிந்த பிறகு கும்பிடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது பாருங்கள், அது தனி.

"யாரு எடுக்கறது? கொழந்தைக யாருமில்லையே" என்றார் அண்ணன்.

"சுகன்யாவே எடுக்கட்டுங்கண்ணா. அந்தப் புள்ளைக்கு எதுல என்ன இருக்குதுன்னு தெரியாது."

சுகன்யா இரண்டடி பின்னால் போனாள். "நான் வேண்டாங்க்கா… நான் எடுத்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அதுக்கும் என்ற ராசிதான்னு…"

"எடு சாமி. ஒண்ணும் ஆகாது" என்றேன். ஆகாது என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை அவளுக்கு எப்படித் தெரியும்?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் பிரித்தார்.

சிவப்பு.

என் உடம்பு மொத்தமும் சிலிர்த்துப் போனது. பொய்யில்லை. என் கையால் வெள்ளையைப் பறித்து, என் கையால் மடித்த பொட்டலம்! உள்ளே ரத்தச் சிவப்பில் அரளி. அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். பேனரில் பார்த்தபோது அவ்வளவு அன்பாகத் தெரிந்த கண், இப்போது என்னையே பார்த்தது. 'ஏண்டி, எனக்கேவா?' என்று கேட்கிற மாதிரி இருந்தது. மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சுகன்யாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "நாஞ் சொன்னனுங்கல்லக்கா…" என்று முனகினாள்.

"அம்மன் போகமாட்டேன்னு சொல்லிருச்சு" என்றார் அண்ணன். அவர் குரலில் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கவலை. அம்மன் போக மாட்டாள் என்றால் சுகன்யாதான் போக வேண்டும் என்று அவர் மனசு கணக்குப் போடுவது எனக்கு வெளியே கேட்டது.

இது நான் வைத்த பூவல்ல, அம்மனே வைத்த ஆப்பு. ஆனால் விட முடியுமா? அந்தப் பெண்ணை எடுக்கச் சொன்னவள் நான் ஆயிற்றே.

"அண்ணா, நாம அம்மன்கிட்ட என்ன கேட்டோம்?"

"படத்த எடுக்கலாமான்னு."

"எடுக்கக் கூடாதுன்னுதான சொல்லுச்சு? சின்னதாக்கக் கூடாதுன்னு சொல்லலியே?"

அண்ணன் முழித்தார். "சாமியச் சின்னதாக்கறதா? என்ன பேச்சு அம்மணி பேசற?"

"உங்க பர்ஸக் கொஞ்சம் எடுங்கண்ணா."

எடுத்தார்.

"அதுக்குள்ள யாரு?"

அண்ணன் பர்ஸைத் திறந்து பார்த்தார். ஆதார் அட்டைக்கு மேலே, நகத்தளவு செல்லாண்டியம்மன்.

"இது அம்மனா, இல்லீங்களா?"

"அம்மன்தான்."

"கார்ல முன்னாடி ஒட்டி வெச்சிருக்கறீங்களே, அது?"

"அதும் அம்மன்தான்."

"அண்ணி தாலிக்கொடில ஒரு டாலர் தொங்குதே?"

அண்ணி டாலரைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"பர்ஸுக்குப் பர்ஸ் சைஸு, காருக்குக் கார் சைஸு, ரோட்டுக்குப் பேனர் சைஸு. மெயிலுக்கு மட்டும் எதுக்குங்கண்ணா பேனர் சைஸு? அவ்வளவு பெருசா வெச்சு அந்த பீட்டருக்கு என்ன தெரிஞ்சுது? மூக்குத்தி மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். முகத்த முழுசாப் பாத்திருப்பாரா அந்த மனுசன்?"

இதுதான் அண்ணனை அசைத்தது. அம்மன் முகத்தை ஒரு கஸ்டமர் முழுசாகப் பார்க்கவே இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"ஏம்புள்ள" என்றார் சுகன்யாவைப் பார்த்து, "முகம் முழுசாத் தெரியறாப்பல சின்னதாப் பண்ண முடியுமா?"

அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? படத்தைச் சுருக்கினாள். போஸ்ட் கார்டு சைஸிலிருந்து தபால் தலை சைஸ் வரை பல அளவில் அம்மனைக் காட்டினாள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, தீப்பெட்டி சைஸில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். அனுப்ப முடியாமல் தேங்கிக் கிடந்தவற்றை அவள் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டாள். ராசியான மெயிலைத் தனியாக ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்தாள். அதற்கு 'பழையது' என்று பேர் வைக்கப் போனவளை அண்ணன் தடுத்து 'லாபம்' என்று வைக்கச் சொன்னார்.

ராகு காலம் முடிந்தது. புது மெயில். தொண்ணூறு சதவீதம் டவல் சமாச்சாரம், அடியில் தீப்பெட்டி அளவு அம்மன். அண்ணி மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். சுகன்யா 'சென்ட்' அழுத்தினாள்.

போய்விட்டது. வெள்ளையும் இல்லை, மயக்கமும் இல்லை. அடுத்த மெயிலைத் திறந்தாள். திறந்தது. மூடினாள். மூடியது. சுகன்யா ஒரு தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் அழுதது.

அண்ணன் அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் அந்த வார்த்தையை வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, "ஏம்புள்ள, உன்ற சேரு ஒரு பக்கம் ஆடுதே… உள்ள புதுசு ஒண்ணு கெடக்குது, அத எடுத்துப் போட்டுக்க" என்றார். திங்கட்கிழமைப் பேச்சு அதோடு முடிந்தது.

மத்தியானம் அண்ணி வீட்டில் சாப்பாடு. எனக்கு இறங்கவே இல்லை. அந்தச் சிவப்பு அரளி மண்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் கோயிலுக்குப் போய் ஒரு அபிஷேகம் செய்துவிடுவது என்று வேண்டிக்கொண்டே ரசத்தைப் பிசைந்தேன்.

அண்ணி அப்பளம் வைத்தார்கள். குனிந்து என் காதருகே சொன்னார்கள்.

"அம்மணி… ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளயே வெச்சா அப்பறம் சாமிய எதுக்குக் கேக்கறது?"



"பிரிச்சுப் பாத்தீங்களா அண்ணி!"

"பூப்பறிக்க நீ அத்தன வேகமா ஓடயிலயே நெனச்சேன். ஒண்ண எடுத்துட்டு ஒரு செவப்பு வெச்சேன்."

"அப்ப… சுகன்யா போகட்டும்னுதான…"

அண்ணி நிமிர்ந்தார்கள். முதல் முறையாக அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"எங்க கிஷோரு வரோணும்னு எனக்கு ஆசைதான். அதுக்காக ரெண்டுலயும் செவப்பு வெக்கலியே நானு."

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அந்த வீட்டிலேயே சாமியை நம்பி ஒரு பொட்டலத்தை விட்டு வைத்தது அண்ணி ஒருவர்தான். கம்ப்யூட்டர் டாக்டர் அப்பளத்தை நொறுக்குவதில் கவனமாகிவிட்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தது. இரண்டில் ஒன்று வெள்ளையாக இருந்தும் சுகன்யா கைக்குச் சிவப்புத்தான் வந்திருக்கிறது. அப்படியானால் அம்மன் நிஜமாகவே போக மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாளா?

கிளம்புவதற்கு முன் ஆபீஸுக்குப் போனோம். பீட்டரிடமிருந்து பதில் வந்திருந்தது. அது திறந்தது என்பதையே நாங்கள் கொஞ்ச நேரம் கொண்டாடினோம். அப்புறம் சுகன்யா தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் கேட்டார். டவல் சாம்பிள் பிரமாதம், ஆர்டர் உறுதி. அதற்குக் கீழே ஒரு பத்தி.

'உங்கள் நிறுவனத் தலைவி அம்மையாரின் முகத்தை இன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். மிகுந்த மரியாதைக்குரியவராகத் தெரிகிறார். ஆனால் படம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே… அவர் ஓய்வு பெற்றுவிட்டாரா?'

அண்ணன் திகைத்துப் போய் நின்றார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அண்ணன் இருப்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

சுகன்யா சிரிக்கவில்லை. புது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் கடகடவென்று தட்டினாள்.

"என்ன புள்ள எழுதற? படிச்சுச் சொல்லு" என்றார் அண்ணன்.

அவள் திரையைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னாள்.

"'இல்லை ஐயா. அவர் இன்னும் பொறுப்பில்தான் இருக்கிறார். எங்கள் ஆபீஸில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.'"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரியாத்தான எழுதியிருக்கற… அனுப்பு."